செவலையை எந்தப் பக்கம் எழுதுவது?

அம்மாவின் வைத்தியத்துக்காக எங்கள் செவலை மாட்டை 32,000 ரூபாய்க்கு விற்ற அன்று ராத்திரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். வரவு எது, செலவு எது என்பதில் எனக்குக் குழப்பம் வந்ததில்லை. அன்று வந்தது. பணம் கைக்கு வந்திருக்கிறது, அப்படிப் பார்த்தால் வரவு. ஆனால் கட்டுத்தரையில் மாடு இல்லை, நாளையிலிருந்து சொசைட்டிக்கு ஊற்றுகிற பால் பாதியாகிவிடும். அதை எந்தப் பக்கம் எழுதுவது?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று 2022 அக்டோபரில் தெரிந்தது. வயது 58. ஊர் குண்டடம் பக்கம். ரெண்டு ஏக்கர் காடு, ரெண்டு கறவை மாடு. மாடு அம்மாவின் பொறுப்பு, காடு அப்பாவின் பொறுப்பு. அக்காவைக் காங்கேயத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. நான் திருப்பூரில் அறை எடுத்துத் தங்கி வாரம் ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறவன்.

நோட்டு போட்டது பழக்கதோஷத்தால்தான். முதல் நாள் ஸ்கேன் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோதே, இதை எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டது. 40 பக்க நோட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குவது. அது இல்லையென்றால் அந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது என்று எனக்கே தெரிந்திருக்காது.

முதல் தப்பு முதல் மூன்று வாரத்திலேயே நடந்தது. தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் 3,200. ஊசி வைத்துச் சதை எடுத்து, அது எந்த வகைக் கட்டி என்று பார்க்கும் சோதனைகள் 9,800. பெட் ஸ்கேன் 14,500. இதயத்துக்கு எக்கோ 1,800. டாக்டர் பீஸ் எல்லாம் சேர்த்து 2,700. ஆக 32,000. சிகிச்சை என்று ஒரு சொட்டு மருந்துகூட உடம்பில் ஏறவில்லை, அதற்குள் இவ்வளவு. (செவலை விற்ற அதே தொகை. இது பின்னால்தான் உறைத்தது.)

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி எனக்குத் தெரியும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் சேரலாம், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. எல்லாம் தெரியும். அப்பாவும் அம்மாவும் தனி ரேஷன் கார்டு, அவர்கள் வருமானம் வருடத்துக்கு 1,10,000 போலத்தான் வரும். ஆனால் அந்த மருத்துவமனையில் காப்பீட்டுக் கார்டு செல்லுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் வேறு மாதிரி பார்ப்பார்களோ என்று ஒரு கூச்சம். கடைசியில் ஒருவழியாகக் கேட்டபோது அங்கே புற்றுநோய்க்குக் கார்டு கிடையாது என்றார்கள். அதற்குள் 32,000 போயிருந்தது. அந்தக் கூச்சத்தையும் ஒரு செலவுத் தலைப்பாகப் போட்டிருக்க வேண்டும்.

இப்போது யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சதைச் சோதனைக்கு முன்னாலேயே கார்டைக் கேளுங்கள். கார்டு ஏற்கிற மருத்துவமனையில் காப்பீட்டுக்கென்று ஒரு மேசை இருக்கும், அங்கே ஓர் ஆள் இருப்பார். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் அவரைப் பார்த்தாலும் தப்பில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு டெய்லர், சம்பளம் 21,000-க்குள், அதனால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருந்தது. அவர் மனைவிக்கு அதிலேயே பார்த்தார். எனக்குச் சம்பளம் 26,000. அந்த வரம்பைத் தாண்டி மூன்று வருடம் ஆகியிருந்தது. சம்பள உயர்வு வாங்கிய மாதம் ஸ்வீட் கொடுத்தது ஞாபகம் வந்தது.

நவம்பரில் கோவையில் கார்டு ஏற்கிற ஒரு மருத்துவமனைக்கு மாறினோம். 21 நாளுக்கு ஒருமுறை நாலு கீமோ, அப்புறம் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. ஜூனில் ஆபரேஷன். ஜூலை கடைசியில் தொடங்கிப் பதினைந்து நாள் கரண்ட். எங்கள் பக்கம் ரேடியேஷனைக் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். அப்புறம் ஐந்து வருடத்துக்குத் தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. கீமோ மருந்து, ஆபரேஷன், கரண்ட் எல்லாம் கார்டில் போய்விட்டன. இதை நன்றியோடு சொல்கிறேன். கார்டு இல்லையென்றால் காடு போயிருக்கும்.

ஆனால் கார்டுக்கு வெளியேயும் ஓர் உலகம் இருந்தது. ஒவ்வொரு கீமோவுக்கு முன்னும் ரத்தப் பரிசோதனை, 450 வீதம் பதினாறு முறை. வெள்ளை அணு குறையாமல் இருக்கப் போடுகிற ஊசி நாலு. முதல் ஊசியை உள்ளே இருந்த கடையிலேயே அட்டையில் அச்சிட்ட விலைக்கு வாங்கினேன், 6,100. ரெண்டாவது முறை டாக்டரிடமே கேட்டேன், இதே மருந்து வேறு கம்பெனியில் உண்டா என்று. தாராளமாக வாங்குங்கள் என்று பெயரை எழுதிக் கொடுத்தார். வெளியே 2,500. புற்றுநோய் மருந்துகளில் அச்சிட்ட விலைக்கும் வியாபாரி வாங்கும் விலைக்கும் நடுவில் பள்ளத்தாக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டியதே அதனால்தான். கேட்காமல் வாங்கினால் அந்தப் பள்ளத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: இந்த ஊசி குளிரிலேயே இருக்க வேண்டும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று பஸ் ஜன்னல் வெயிலில் வைத்தால் எல்லாம் வீண்.

கரண்ட் வைக்கிற நாட்களில் வராந்தாவில் ஒரு பெண் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் அட்டை, அதில் செருகிய தாள்கள். ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாராம், சிகிச்சையால் வரும் பணக்கஷ்டத்தைப் பற்றிப் பதினோரு கேள்வி. மருந்து உடம்பில் செய்கிற கெடுதலைப் போலப் பணமும் கெடுதல் செய்கிறது, அதையும் அளக்க வேண்டும் என்று 2013 வாக்கில் அமெரிக்க டாக்டர்கள் எழுதத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் நிதி நச்சு. அடுத்த வருடமே சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜோனஸ் டி சூசா என்கிற டாக்டரும் கூட இருந்தவர்களும் நோயாளிகளிடமே கேட்டு உருவாக்கியதுதான் இந்தக் கேள்வித்தாள், பெயர் காஸ்ட் (COST). ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து நாலு வரை. மொத்தம் 44. மதிப்பெண் குறையக் குறையக் கஷ்டம் அதிகம். வாந்திக்கு ஒன்றாம் நிலை, ரெண்டாம் நிலை என்று டாக்டர்கள் எழுதுகிறார்களே, அந்த மாதிரி இதற்கும் ஓர் அளவுகோல். எனக்குப் பிடித்திருந்தது. அளக்க முடியும் என்று யாராவது சொன்னாலே எனக்குப் பிடிக்கும்.

"மாசச் செலவைச் சமாளிக்க முடியுதாம்மா?"

"அதெல்லாம் பையன் பாத்துக்கறானுங்க."

"வைத்தியச் செலவு நீங்க நெனச்சதைவிட அதிகமா ஆயிருச்சா?"

"கார்டுல போயிருச்சுங்களே. நமக்கு என்ன."

"பணத்தை நெனச்சா மனசுக்குக் கஷ்டமா இருக்கா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "சும்மா சொல்லக் கூடாது, ஒரு குறையும் வெக்கல எம்பட பையன்."

அந்தப் பெண் கூட்டிப் பார்த்தார். 31. பரவாயில்லை ரகம். அவர் நகர்ந்ததும் தாளில் மிச்சமிருந்த ஒரு நகலை வாங்கிக்கொண்டேன். ராத்திரி அறையில் அம்மா தூங்கிய பிறகு, நோயாளி என்ற இடத்தில் எங்கள் வீடு என்று நினைத்துக்கொண்டு நானே நிரப்பினேன். 9.

ஒரே வீடு, ஒரே நோய். 31-க்கும் 9-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பல நாள் யோசித்தேன். கேள்வித்தாளில் குற்றமில்லை. தன் சம்பளம், தன் சேமிப்பு, தன் காப்பீடு என்று தன் கையாலேயே பணத்தை ஆள்கிற நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தது அது. எங்கள் வீட்டில் நோய் ஒருவருக்கு, கணக்கு இன்னொருவருக்கு. நோயாளியிடம் விலையைச் சொல்லக் கூடாது என்பது எழுதாத சட்டம். தினமும் அம்மா கேட்பாள், "இன்னைக்கு எவ்வளவு ஆச்சு கண்ணு?" நான் சொல்வேன், "ஒண்ணும் ஆகலம்மா." கீமோவுக்குக் காரில் கூட்டிப்போன நாட்களில்கூட, கம்பெனி முதலாளி தெரிஞ்சவர் கார் என்று பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு டிரிப்புக்கு 2,800. இப்படி நான் பழக்கி வைத்த அம்மாவிடம், அதுவும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் 31 வராமல் என்ன வரும்? இந்த மாதிரி ஆராய்ச்சி செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து மகனை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். பணம் கட்டுகிறவரிடமும் தனியாக ஒரு தாளைக் கொடுங்கள்.

அந்தக் கேள்வித்தாளில் பின்னால் பன்னிரண்டாவதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: என் நோய் எனக்கும் என் குடும்பத்துக்கும் பணக்கஷ்டமாகிவிட்டது. எங்களுக்கு அந்த ஒரு கேள்வியே போதும்.

2023 அக்டோபரில் வருடம் முடிந்ததும் கம்பெனிக்குச் செய்வது போலவே நோட்டை மூடிக் கணக்குப் பார்த்தேன். மருத்துவமனை, சோதனை, மருந்து: 66,000, அதில் கிட்டத்தட்டப் பாதி கார்டுக்கு முந்தைய அந்த மூன்று வாரம். பஸ்ஸும் காரும் 29,000. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான், ஆனால் குண்டடத்திலிருந்து கோவை சிங்காநல்லூர் வருகிற ரூட் பஸ்ஸில் உண்டு. கரண்ட் வைத்த நாட்களில் எடுத்த அறை, எங்கள் சாப்பாடு, அம்மாவுக்கு இளநீர், முட்டை, மாதுளை எல்லாம் 24,000.

இதுவரை எல்லாரும் எழுதுவார்கள். அடுத்த ரெண்டு தலைப்பைத்தான் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

ஒன்று, பணம் புரட்டிய விலை. அக்காவின் நகையை வைத்து 1,20,000 கடன், 9 சதவீத வட்டி, வருடத்துக்கு 10,800. ரெண்டு லட்சம் ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று போட்டிருந்தேன், கடைசியில் எடுத்து ஊரில் வீட்டை எடுத்துக்கட்டலாம் என்று. அதை ஐந்தாம் மாதமே 38,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து எடுத்தேன். அந்த 38,000-க்கு எந்தப் பில்லும் கிடையாது. யாரும் அதை வைத்தியச் செலவு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அது வைத்தியச் செலவேதான். பி.எஃப்-பில் குடும்பத்தினரின் புற்றுநோய்க்கு முன்பணம் எடுக்கலாம், அதற்கு வட்டியும் இல்லை, தள்ளும் இல்லை. மாதாமாதம் எண்பது பேருக்குப் பி.எஃப். கட்டுகிறவன் நான். எனக்கே அது ஞாபகம் வந்தது சீட்டு எடுத்த பிறகுதான். பதட்டத்தில் இருக்கிறவனுக்குத் தன் தொழில்கூட மறந்துபோகும், அதனால் பணம் புரட்டுகிற வேலையை நோயாளி பக்கத்தில் இல்லாத ஒருவரிடம் விடுவது நல்லது. எங்கள் வீட்டில் அதை மாமாவிடம் விட்டிருக்கலாம். அக்கா வீட்டுக்காரர், நிதானமான ஆள்.

ரெண்டாவது, வராமல் போன பணம். நான் சம்பளமில்லாமல் போட்ட லீவு 41 நாள், 41,000. பால் வருமானத்தில் தீவனச் செலவு கழித்துக் குறைந்தது 44,000. அப்புறம் செவலை. நல்ல நேரத்தில் 47,000 போகும் மாடு, அவசரம் என்று தெரிந்ததும் தரகர் 32,000-க்கு மேல் ஏறவில்லை. விற்ற தொகையை வரவில் எழுதினேன், 15,000 வித்தியாசத்தைச் செலவில் எழுதினேன். பால் நஷ்டத்தையும் மாட்டு விலையையும் சேர்த்து எழுதுவது ஒன்றையே ரெண்டு முறை எண்ணுவது ஆகாதா என்று எங்கள் ஆடிட்டர் கேட்கக்கூடும். அவர் வந்து அப்பாவிடம் கேட்கட்டும்.

மொத்தம் 2,67,800. அதில் மருத்துவமனையும் மருந்துக்கடையும் வாங்கியது 66,000. நாலில் ஒரு பங்கு.

தென்கிழக்கு ஆசியாவில் எட்டு நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. கைக்காசில் போன சிகிச்சைச் செலவு வீட்டின் ஆண்டு வருமானத்தில் 30 சதவீதத்தைத் தொட்டால் அதை நிதிப் பேரழிவு என்று வைத்தார்கள். வருட முடிவில் 29 சதவீதம் பேர் உயிரோடு இல்லை, 48 சதவீதம் பேர் பேரழிவில். அந்த 30 சதவீதக் கோட்டை எங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். என் சம்பளமும் அவர்கள் வருமானமும் சேர்ந்து 4,22,000. மருத்துவச் செலவு மட்டும் என்றால் 16 சதவீதம். பஸ்ஸையும் சாப்பாட்டையும் சேர்த்தாலும் 28. ஆக, எங்களுக்குப் பேரழிவு வரவில்லை! வட்டி, தள்ளு, வராத பணம் எல்லாம் சேர்த்தால் 63. வருமானம் என்று அப்பா அம்மாவுடையதை மட்டும் வைத்தால், அந்த 28-க்கு உரிய தொகையே நூறைத் தாண்டுகிறது. கோடு ஒன்றுதான், எதை மேலே வைக்கிறோம், எதைக் கீழே வைக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், புற்றுநோய்க்காக ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 22,520, தனியாரில் 93,305 என்று இருக்கிறது. அந்த எண்களைத் தப்பென்று சொல்லவில்லை. அவற்றில் செவலை இல்லை.

நோட்டை மூடிவிட்டேன் என்று நினைத்தேன். டிசம்பர் கடைசியில் ஊருக்குப் போனபோது மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். நவம்பர் 30 வாங்கிக் கொடுத்த முப்பது லெட்ரோசோலில் பதினாலு அப்படியே இருந்தது.

"ஏம்மா?"

முதலில் மறந்துபோச்சு என்றாள். அப்புறம் சொன்னாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறாளாம். "அஞ்சு வருசத்துக்குன்னு சொன்னாங்கல்ல கண்ணு. ஊசியே அவ்வளவுன்னா மாத்திரை எவ்வளவு இருக்கும்? உனக்கும் ஒரு கல்யாணம் காச்சி இருக்குது."

அந்த மாத்திரை மக்கள் மருந்தகத்தில் ஒன்று பத்து ரூபாய்க்குள்தான். நான் விலையைச் சொல்லாததால் அவளாகவே ஒரு விலை போட்டுக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொன்ன ஒவ்வொரு நாளும் அவள் மனசுக்குள் ஒரு நோட்டு ஓடியிருக்கிறது, என் நோட்டைவிடப் பெரிய தொகையோடு. 31 மதிப்பெண் வாங்கிய நோயாளிதான் காசுக்குப் பயந்து மருந்தைப் பாதியாக்கினாள்.

டாக்டரிடம் கூச்சப்படாமல் உண்மையைச் சொன்னோம். திட்டவில்லை. விட்டதைச் சேர்த்துப் போட வேண்டாம், இன்றிலிருந்து தினம் ஒன்று என்றார். இப்படி நிறையப் பேர் செய்கிறார்களாம். வீட்டில் பணக்கஷ்டம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எந்தக் கேள்வித்தாளும் வேண்டாம், மாசக் கடைசியில் மாத்திரையை எண்ணுங்கள். இப்போது நான் அதைத்தான் செய்கிறேன். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் வந்ததும் மாத்திரையை அம்மாவே போய் வாங்குகிறாள், விலை அவளுக்கு மனப்பாடம்.

அன்றைக்கு ராத்திரி நோட்டை அம்மா முன்னால் வைத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ரகசியமாக வைத்ததில் யாருக்கும் லாபமில்லை என்று ஆகிவிட்டது. கார் வாடகை வந்த இடத்தில் "அடப்பாவி, முதலாளி காருன்ன" என்றாள். சீட்டுத் தள்ளைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பால் கணக்கில் மட்டும் என்னைத் திருத்தினாள், தீவனத்தை நான் அதிகமாகக் கழித்திருக்கிறேனாம்.

செவலை வந்தது. 47,000, 32,000, வித்தியாசம் 15,000.

"தப்பு" என்றாள். "விக்கறப்ப அதுக்கு ஊசி போட்டு ரெண்டு மாசம். சினை நின்னிருந்துச்சு. உங்கப்பனுக்குத் தெரியாது, நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். அதை எழுதலையே நீ?"

பேனாவை எடுத்தேன். கன்றுக்கு என்ன விலை போடட்டும் என்று கேட்டேன்.

"கிடாரியா காளையான்னு தெரியாம எப்படிப் போடறது?" என்றாள்.